கனைத்துவிட்டு உள்ளே வரவும்

ஆனேக்கல்
28 ஏப்ரல் 2003

திருமதி ஜோசஃபின் அவர்களுக்கு,

வாயைத் திறக்காமல் இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். மார்ச் மாதம் உங்கள் கடைப்படியை விட்டு இறங்கிய பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இனியும் பேசாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பகல் முழுக்க உங்கள் தொலைபேசியை ஹெப்பகோடித் தையல் கூடம் பிடித்துக்கொண்டிருக்கும். அது நான் செய்த ஏற்பாடு. தவிர, மனத்தாங்கலைத் தாளில் எழுதியே பழகியவன் நான். பேச்சாகச் சொன்னால் மறுநாள் வேறு மாதிரி திருப்பிச் சொல்வார்கள்.

போன வருடம் உங்கள் நிலைமை என்ன என்பதை நினைவுபடுத்துகிறேன். விவேக் நகர் கடையில் பிள்ளைகளுக்குச் சீருடை அளவெடுப்பீர்கள். தைப்பது ஹெப்பகோடியில். அளவுச் சீட்டுகள் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு கட்டு மழையில் நனைந்து எழுத்து கரைந்தபோதுதான் கம்ப்யூட்டர் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது. கம்பெனிக்காரர்கள் வந்து, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் என்று விலை சொன்னார்கள். நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டீர்கள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? கடையின் உள்ளறையில் ஒரே ஒரு நல்ல இயந்திரம் வைத்தேன். எஸ்.பி. ரோட்டில் எடைக்குப் போடவிருந்த பழைய பெட்டிகளை வாங்கி, திரையும் விசைப்பலகையும் மட்டும் வேலை செய்தால் போதும் என்று ஆக்கினேன். ஆறு பேரும் உண்மையில் வேலை பார்ப்பது அந்த ஒரே இயந்திரத்துக்குள்தான். மூன்று பேர் கடையிலிருந்து. மூன்று பேர் ஹெப்பகோடியிலிருந்து போன் கம்பி வழியாக. மென்பொருளுக்கு உரிமமே கிடையாது, லினக்ஸ். ஆறு பேருக்கு ஆறு பெயர், ஆறு திரை, ஆறு பாஸ்வேர்டு. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை படாது. இந்த ஊரில் உங்கள் கடை அளவுள்ள எந்தக் கடையிலும் இப்படி ஒன்று கிடையாது என்பதை அடித்துச் சொல்வேன்.

உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஆறு திரையையும் விட்டுவிட்டு எல்லோரும் உங்கள் நாத்தனார் பிரிஜெட்டின் ஒரே திரைக்குள் புகுந்தார்கள். ஒரு திரைக்குள் இரண்டு பேர் வந்தால் இரண்டு கையும் ஒரே தாளில் எழுதும். பிரிஜெட் நாடாவைப் பார்த்தபடி பெரிய வகுப்புப் பெண்களின் இடுப்பளவைத் தட்டிக்கொண்டிருக்க, ஹெப்பகோடியில் எல்லம்மா அதே திரையை நகர்த்திச் சின்னப் பையன்கள் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். விளைவு, மடத்துப் பள்ளி ஆண்டு விழாவில் பாடகர் குழுப் பையன்கள் ஒரு கையில் பாட்டுத் தாளும் மறு கையில் நழுவும் அரைக்கால் சட்டையுமாக நின்று இறைவணக்கம் பாடினார்கள்.

அதற்கு நீங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் முன்னால், வேலைக்காரர்கள் முன்னால், என்னைக் காட்டி என்ன சொன்னீர்கள்? “எங்க பொண்ணுங்க தப்பே பண்ணமாட்டாங்க சிஸ்டர், இது சாரோட மெஷின் பண்ணுன கூத்து.”

அதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் திரையின் அடியில் சிறிய எழுத்தில் “வடிவமைப்பு: சீனிவாசராகவன்” என்று ஒரு வரி போட்டிருந்தேன். அது இப்போது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியவந்தது. கூலிக்காக வந்தவன் அல்ல நான். அந்த ஒரு வரிதான் நான் கேட்டது. அதை அழித்தது யார் என்று எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
சீனிவாசராகவன்


விவேக் நகர்
3 மே 2003

சார் அவர்களுக்கு,

ஜோசஃபின் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. கவரைப் பார்த்ததும் பிரிஜெட், “அண்ணி, சார் வக்கீல் வெச்சுட்டாரு” என்று கையை உதறிக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்த பிறகு, வக்கீலே தேவலை என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் வாய் அப்படி.

நான் தமிழில் கடிதம் எழுதிப் பல காலம் ஆகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். பெயர் திரையில் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு வந்தது நீங்கள்தானே?

ஈஸ்டர் முடிந்த வாரம். ஹெப்பகோடியில் எல்லம்மா காலர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கையை எடுத்துவிட்டு டீ குடிக்கிறாள், திரையில் அம்பு தானாக நகர்கிறது. “அக்கா, இல்லி நோடு, இங்க பாரு, யாரும் தொடலை, அம்பு ஓடுது!” என்று கத்தியிருக்கிறாள். மெஷினை விட்டு எல்லாப் பெண்களும் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாளாம், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. இங்கே பிரிஜெட் திரையிலும் அதே அம்பு. மெதுவாக நாலு மூலைக்கும் போகிறது, நிற்கிறது, மறுபடி கீழே வந்து எதையோ தேடுகிறது. பிரிஜெட்டுக்கு மட்டும்தான் தைரியம் வந்தது. ஆங்கில எழுத்தில் “யாரு?” என்று தட்டினாள். அம்பு நின்றுவிட்டது. “சார், நீங்களா?” என்று தட்டினாள். அப்புறம் நீங்கள் போய்விட்டீர்கள்.

சார், ஒரு வீட்டுக்குள் வருகிறவர் கதவைத் தட்டவில்லை என்றாலும் வாசலில் ஒரு தடவை கனைத்துவிட்டாவது வரலாம். நீங்கள் சாவி வைத்திருக்கிறீர்கள், சரி. அதற்காக இப்படியா? எல்லம்மா அன்றைக்கெல்லாம் கத்தரி பிடிக்கவில்லை.

அரைக்கால் சட்டை விஷயத்தில் நீங்கள் எழுதியது முக்கால்வாசி சரி. நான் சொன்னதை எழுதிவிட்டீர்கள். நீங்கள் சொன்னதை எழுதவில்லை. “கொட்டகையில தைக்கிறவங்க கையில இதைக் குடுத்தேனே, என்னைச் சொல்லணும்” என்றீர்கள். எல்லம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். கன்னடத்தில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும்.

பெயர் விஷயம் எனக்குத் தெரியாது. நான் அந்தத் திரையில் அளவைத் தவிர எதையும் பார்த்ததில்லை. விசாரிக்கிறேன்.

இன்னொன்று. மடத்துப் பள்ளி சிஸ்டர் இந்த வருடம் ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. அன்றைக்குச் சீருடை சரியாகப் போகவில்லை என்றால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அந்த ஆர்டர் போனால் ஹெப்பகோடிக் கூடத்தை நான் மூட வேண்டியதுதான். கோபத்தைத் தள்ளிவைத்து ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். மீன் குழம்பு வைக்கமாட்டேன், பயப்படாதீர்கள்.

அன்புடன்,
ஜோசஃபின்


ஆனேக்கல்
7 மே 2003

திருமதி ஜோசஃபின் அவர்களுக்கு,

ஆம், நான்தான் வந்தேன், ஹெப்பகோடியின் இரண்டாவது போன் வழியாக. அது என் இயந்திரம் என்று சொல்லமாட்டேன். விலைக்கு வாங்கியது நீங்கள். ஆனால் அதன் ஒவ்வொரு கதவும் நான் மாட்டியது. கட்டிய வீட்டில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வரும் மேஸ்திரி கனைக்க வேண்டியதில்லை.

விரிசலையும் பார்த்தேன். முதலாவது, இப்போதும் எல்லோரும் ஒரே திரைக்குள்தான் இருக்கிறார்கள். அரைக்கால் சட்டை உங்களுக்குப் பாடம் கற்பிக்கவில்லை. இரண்டாவது, நான் எடுத்துவிட்ட குழந்தை இயேசு படத்தைப் பிரிஜெட் மறுபடி திரை முழுக்கப் போட்டிருக்கிறாள். கிரீடத்திலிருந்து பாதம் வரை அந்தப் படம் போன் கம்பி வழியாக ஹெப்பகோடி போய்ச் சேர்வதற்குள் ஒரு ஆள் காபி குடித்துவிட்டு வரலாம். என் எதிர்ப்பு பக்தியின் மேல் அல்ல. அது ஒல்லிக் கம்பி. நிறங்களைக் குறைத்து, படங்களை நீக்கி, மூன்று பேர் அதில் நெருக்கியடித்துப் போக நான் வழி செய்தேன். அதில் ஒரு பல்லக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி?

பெயர் விஷயம் “தெரியாது” என்கிறீர்கள். இந்தத் ‘தெரியாது’ எனக்குப் பழக்கமானது. தொண்ணூற்றொன்றில் நான் வேலை பார்த்த சர்க்கார் தொழிற்சாலையில், ஒரு இயந்திரத்தைப் பல பேர் பல இடத்திலிருந்து பயன்படுத்தும் முறை ஒன்றை வடிவமைத்தேன். வெளியிலிருந்து அப்படி ஒன்றை வாங்க அந்தத் தொழிற்சாலைக்கு வசதி இல்லை. மேலதிகாரி ஸ்ரீகண்டன் அதைத் தன் பெயரில் டெல்லியில் வாசித்தார். பிறகு வெளிநாட்டில் வாசித்தார். பிறகு அந்த வாசிப்பின் மேல் ஏறி ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நன்றி தெரிவித்திருந்தார். அதில்கூட நான் இல்லை. தட்டச்சு செய்த பெண்ணின் பெயர் இருந்தது. நான் போய்க் கேட்டபோது ஸ்ரீகண்டன் சொன்ன வார்த்தை: “எப்படி விட்டுப்போச்சுன்னே தெரியலையே, ராகவன்.”

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆனேக்கலுக்கு வந்தவன், இனி என் வேலையில் என் பெயர் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு சீருடைக் கடையின் திரையாக இருந்தாலும் சரி.

எனவே நான் வருவதாக இல்லை. இயந்திரம் ஓடும்வரை ஓடட்டும். நன்றாகவே ஓடும். நான் செய்தது.

இப்படிக்கு,
சீனிவாசராகவன்


விவேக் நகர்
13 மே 2003

சார்,

உங்கள் வாய் முகூர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே புயல் மாதிரி காற்று, மழை. மரம் விழுந்து தெரு முழுக்கக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பேட்டரி எப்போதோ தளர்ந்துவிட்டது, கத்தி ஓய்ந்தது. கரண்ட் வந்த பிறகு மெஷினைப் போட்டால் வழக்கமான திரை வரவில்லை. கறுப்பாக இருக்கிறது. நாலு வரி இங்கிலீஷ். கடைசி வரியில் பெரிய பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு கண்சிமிட்டுகிறது. பிரிஜெட் பாஸ்வேர்டு, என் பாஸ்வேர்டு எதற்கும் மசியவில்லை. நீங்கள் மட்டும் வைத்திருக்கிறீர்களே, அது வேண்டுமாம்.

வேறு வழியில்லாமல் ஒரு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை. “மேடம், இது யாரோ ஓசியில பண்ணிக் குடுத்தது. எல்லாத்தையும் அழிச்சிட்டு, ஆளுக்கு ஒரு லைசென்ஸ் போட்டு, புதுசா பண்ணிடலாம்” என்றார். எல்லாத்தையும் என்றால் எதை என்று கேட்டேன். “உள்ள இருக்கறத” என்றார். உள்ளே மடத்துப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரின் அளவும் இருக்கிறது சார். மற்ற இரண்டு பள்ளி வேலை முடிந்துவிட்டது. இது மட்டும் பாக்கி. நீங்கள் வாரம்தோறும் எடுத்துவைத்த சிடி நீங்கள் போனதோடு நின்றுவிட்டது. பள்ளி லீவு. பிள்ளைகள் வேளாங்கண்ணியிலும் வேலூரிலும் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிட்டு மறுபடி அளப்பது?

நாங்களே கண்டுபிடிக்கலாம் என்று முயற்சி செய்தோம். உங்கள் பெயரைப் போட்டோம். மாமி பெயரைப் போட்டோம், சுப்புலக்ஷ்மியை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாக. உங்கள் பெருமாள் பெயர் எல்லாம் போட்டோம். “சாருக்கு யாரைத்தான் பிடிக்கும் அண்ணி?” என்று பிரிஜெட் அழாத குறையாகக் கேட்டாள்.

உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். மாமி எடுத்து, “அவர் தோட்டத்துல இருக்காரே” என்றார்கள். பக்கத்திலேயே நீங்கள் கனைத்தது கேட்டது. கனைக்கத் தெரியாதவர் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த ஒரு சொல்லை அனுப்புங்கள் சார்.

ஜோசஃபின்


ஆனேக்கல்
16 மே 2003

திருமதி ஜோசஃபின் அவர்களுக்கு,

இயந்திரம் கெடவில்லை. மின்சாரம் திடீரென்று போனதால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் தட்டைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. அதைச் செய்ய உரிமையுள்ளவர் யார் என்று கேட்கிறது. நேர்மையான கேள்வி. அளவுகள் பத்திரமாக இருக்கின்றன. லினக்ஸ் தெரிந்தவன் எவனும் அரை நாளில் திறந்துவிடுவான். நீங்கள் கூட்டிவந்தவனுக்கு அழிக்க மட்டும் தெரியும்.

சொல்லைத் தருகிறேன். அதற்கு முன் உங்களிடமிருந்து எழுத்தில், உங்கள் கையெழுத்துடன், இரண்டு விஷயம் வர வேண்டும்.

ஒன்று: சிஸ்டர் முன்னால் என்னைப் பற்றிச் சொன்னது தவறு.

இரண்டு: என் பெயரை அழித்தது தவறு.

இதில் பேரம் இல்லை.

சீனிவாசராகவன்


விவேக் நகர்
20 மே 2003

சார்,

முதல் விஷயத்துக்கு இதோ: சிஸ்டர் முன்னால் நான் சொன்னது தப்பு. பயத்தில் சொன்னேன். ஆர்டர் போய்விடும் என்று உங்களைப் பிடித்து முன்னால் தள்ளினேன். தள்ளியிருக்கக் கூடாது. இதை நேற்று மடத்துக்கே போய் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். “அப்போ மெஷின் நல்ல மெஷினா?” என்று கேட்டார். நல்ல மெஷின்தான் சிஸ்டர், செய்தவர்தான் கொஞ்சம் கஷ்டம் என்றேன். சிரித்தார்.

இரண்டாவது விஷயத்துக்கு மன்னிப்பு எழுதமாட்டேன். உங்கள் பெயரை யாரும் அழிக்கவில்லை.

உங்கள் ஏழாம் தேதிக் கடிதத்தைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். நேற்றுப் பிரிஜெட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் படத்தை எப்படிப் போட்டாய், படிப்படியாகச் சொல்லு என்றேன். சொன்னாள். “முன்னாடி சின்னதா போட்டேன் அண்ணி, சார் எடுத்துட்டாரு. அந்தக் கோவத்துல, இந்தத் தடவை நல்லா இழுத்துப் பெருசா போட்டேன். மேல இருந்து கீழ வரைக்கும்.” கீழே ஏதாவது எழுத்து இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இருந்துச்சு. இப்பவும் இருக்கும். படத்துக்கு அடியில இருக்கும்.”

அவ்வளவுதான் சார். உங்கள் பெயர் அங்கேயேதான் இருக்கிறது. குழந்தை இயேசு அதன் மேல் நின்றுகொண்டிருக்கிறார். விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலில் அவர் காலடியில் இடம் கிடைக்க வியாழக்கிழமைதோறும் எவ்வளவு பெரிய வரிசை நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஸ்ரீகண்டன் என்று யாரையும் தெரியாது. அவர் செய்ததற்கு என்னிடம் கையெழுத்துக் கேட்கிறீர்கள். எத்தனை வருடமாக அந்த ஆளைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைகிறீர்கள்? என் கடைக்குள்ளேயும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அவருக்குக் கொடுக்க எங்களிடம் திரை இல்லை சார், ஆறுதான் இருக்கிறது.

அந்த ஆறைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்பு வராது. ஏன் எல்லோரும் ஒரே திரையில் போய் விழுந்தோம் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. திட்டினீர்கள். ஹெப்பகோடிக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் இந்தக் கடையின் பின்கட்டில் ஒரே வெட்டு மேசையைச் சுற்றி நின்றுதான் வேலை செய்தோம். நான் சாக்கால் கோடு போடும்போது எல்லம்மா எதிரில் நின்று, “அக்கா, அந்த பொண்ணு போன வருசமே உயரம், மடிப்பு கூட விடு” என்பாள். இடம் போதாமல் பிரிந்தோம். நீங்கள் ஆறு தனி அறை கட்டிக் கொடுத்தீர்கள். அறை நல்ல அறைதான். ஆனால் பிரிஜெட் திரைக்குள் போனால் அவள் தட்டுவது எல்லம்மாவுக்குத் தெரிகிறது, எல்லம்மா “மடிப்பு கூட” என்று ஓரத்தில் எழுதினால் இவளுக்குத் தெரிகிறது. மத்தியானம் “ஊட்டா ஆச்சா?” என்று ஒருத்தி எழுதுவாள். அவர்களுக்கு மேசை திரும்பக் கிடைத்துவிட்டது. அதனால்தான் அரைக்கால் சட்டைக்குப் பிறகும் வெளியே வரவில்லை. அதில் ஆபத்து இருக்கிறது என்று நீங்கள் சொன்னது உண்மை. நானே அனுபவித்தேன். ஆனால் புத்தி இல்லாமல் செய்ததில்லை.

வருகிற திங்கள்கிழமைவரை பார்ப்பேன். அதற்குமேல் பொறுத்தால் தைக்க நாள் இருக்காது. கம்பெனிக்காரரை அழிக்கச் சொல்லிவிட்டு, நானும் பிரிஜெட்டும் நாடாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். எத்தனை பிள்ளைகள் கிடைக்கிறார்களோ அத்தனை. அழிக்கும்போது படத்துக்கு அடியில் இருக்கும் உங்கள் பெயரும் போய்விடும். அதற்கு மட்டும் முன்கூட்டியே வருந்துகிறேன்.

இது என் கடைசிக் கடிதம்.

ஜோசஃபின்


22 மே 2003

கம்பெனிக்காரனை உள்ளே விட வேண்டாம்.

இதைச் சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி துரித அஞ்சலில் அனுப்புகிறேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிஜெட்டை இயந்திரத்தின் முன் உட்காரச் சொல்லவும். அவள் வேகமாகத் தட்டுவாள். இன்று மட்டும் மெதுவாகத் தட்டட்டும்.

கறுப்புத் திரை கேட்கும் சொல்: ஸ்ரீகண்டன்.

ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். எஸ் எழுத்துக்குப் பின் ஹெச் கிடையாது. அவர் கையெழுத்தில் எழுதுகிறபடி. தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

எனக்கு யாரைத்தான் பிடிக்கும் என்று பிரிஜெட் கேட்டிருந்தாள். பிடித்தவர்களின் பெயரை வைத்தால் யாரும் ஊகித்துவிடுவார்கள். இதை யாராலும் ஊகிக்க முடியவில்லை அல்லவா? பாதுகாப்பு என்ற வகையில் என் தேர்வு சரியானது என்றே இப்போதும் சொல்வேன். தொண்ணூற்றொன்று முதல் நான் தொட்ட எல்லா இயந்திரத்துக்கும் இதே சொல்தான். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வேலையாக அந்தப் பெயரை எழுதித்தான் என் வேலைக்குள்ளேயே நான் நுழைந்திருக்கிறேன். அவர் என் தாளில் ஒரு முறைதான் தன் பெயரைப் போட்டார். மீதி எல்லாம் நான் போட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கு, எத்தனை வருடம் என்ற கேள்விக்கு, இதற்குமேல் பதில் இல்லை.

உள்ளே போனதும் தட்டைச் சரிபார்க்க ஆங்கிலத்தில் ஒரு வரி கொடுக்க வேண்டும். தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன், ஒரு புள்ளி விடாமல் அப்படியே. நிறையக் கேள்வி கேட்பதுபோல வரிகள் ஓடும். தானே பதில் சொல்லிக்கொள்ளும். ஓடி முடிந்ததும் வழக்கமான திரை வரும். அளவுகள் இருக்கும்.

அடுத்து, அளவைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். எப்படி என்பதும் சீட்டில் இருக்கிறது. புதிய சொல் என்ன என்று எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் ஆறு பேருக்கும் பிடித்ததாக இருக்கட்டும். நான் உள்ளே வர வேண்டியிருந்தால் நீங்கள் கதவைத் திறந்துவிடுங்கள்.

அந்த மேசையைப் பற்றி. நீங்கள் எழுதியதில் ஒரு பொறியியல் விஷயம் இருக்கிறது. மற்றதை நான் ஏற்கவில்லை. அளவு தட்டும் திரை ஆளுக்கு ஒன்றுதான். அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன், பாடகர் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏழாவதாக ஒரு திரை போடலாம். ஆறு பேர் தட்டுவதும் அதில் தெரியும். யாரும் அதிலிருந்து எந்த அளவையும் மாற்ற முடியாது. அடியில் ஒரு வரி மட்டும் காலியாக இருக்கும். அதில் எல்லம்மா “மடிப்பு கூட” என்று எழுதலாம். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டாலும் கம்பி தாங்கும். நேற்று உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டேன், ஓடுகிறது. இதை அந்தக் கம்பெனிக்காரன் எந்த உரிமத்திலும் உங்களுக்குக் கொடுக்கமாட்டான்.

திங்கள்கிழமை காலை அரை மணி நேரம் ஹெப்பகோடியில் யாரும் எதையும் தட்ட வேண்டாம் என்று சொல்லவும். நான் இங்கிருந்து வந்து அதைப் பொருத்திவிடுவேன். அம்பு நகர்வதற்கு முன்னால் திரையில் ஒரு வரி தட்டுவேன். துடைப்பம் தேவைப்படாது. எல்லம்மாவிடம் சொல்லிவைக்கவும், அவளிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு ஹெப்பகோடிக்கு பஸ் இருக்கிறது.

படம் இருக்கட்டும். ஆனால் வலது மூலையில், தபால் தலை அளவுக்கு. அதற்குக் கம்பி தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். அதை நகர்த்தினால் அடியில் ஒரு வரி தெரியும். அதை நீக்கிவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில்தான் நான் சொன்ன காலி வரி வர வேண்டும்.

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். சுப்பு எட்டிப் பார்த்து, “மேல ஊர் பேர் இல்லை, கீழ உங்க பேர் இல்லை, மறந்துட்டேளா?” என்றாள். மறக்கவில்லை. இயந்திரத்தின் சாவி இருக்கும் தாளில் அனுப்பியவன் விலாசம் இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அதை அவளிடம் சொன்னேன். இன்னொரு காரணம், இந்தத் தாளில் ஏற்கெனவே அந்த ஆள் பெயர் இருக்கிறது. சனிக்கிழமை பிரிஜெட் அதைத் தட்டிவிட்டு மாற்றியதும் அந்தப் பெயருக்கு வேலை முடிந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு முறை என் பெயர் நிற்க வேண்டாம். தபாலாபீஸ் மூடுவதற்குள் நடந்துபோய், கையெழுத்துப் போடாமல் இப்படியே சேர்த்துவிடுகிறேன்.